வட்டுக்கோட்டைச் செமினரி: இரு மொழி வளர்த்த பழைய பள்ளிக்கூடம்



நம்ம லிங்கி வட்டாரத்தில் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் ஒரு கேள்வி எழும். பிள்ளையைப் பள்ளியில் பதிய வேண்டிய நேரம் வந்ததும் கோயில் வாசலிலும், சாப்பாட்டுக் கடையிலும், பெரட்டு முடிந்து நிற்கிற இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். "தமிழ்ப் பள்ளியில போட்டா இங்கிலீஷ் வருமா சார்?" கேட்பவரைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. அது பிள்ளையின் சோற்றைப் பற்றிய கேள்வி. ஆனால் அது புதுக் கேள்வி அல்ல என்பதை எடுத்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டை என்ற கிராமத்தில், இதே கேள்விக்காக ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். 32 வருஷம் நடத்தினார்கள். பிறகு இதே கேள்விக்காகவே அதை இழுத்து மூடினார்கள்.

யாழ்ப்பாணத்துக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் காலத்து மலாயா ரயில்களில் ஸ்டேஷன் மாஸ்டராகவும் குமாஸ்தாவாகவும் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தார். அதற்குப் பின்னால் ரப்பர் தோட்டங்கள் எழும்பியபோது ஆபீசில் பேனா பிடித்த கிராணிமார்களில் மலையாளத்தாரும் யாழ்ப்பாணத்தாரும்தான் அதிகம். நம்ம தாத்தாமார்கள் பால் கத்தி பிடித்தார்கள். அவர்கள் பேர் கூப்பிட்டு செக்ரோல் எழுதினார்கள். இருவரும் பேசியது தமிழ்தான். பிறகு ஏன் ஒருவர் கையில் பேனா, இன்னொருவர் கையில் கத்தி? தலையெழுத்து என்று நம்ம பாட்டிமார்கள் சொல்லுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் பள்ளிக்கூடம்.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாண ராச்சியத்தைப் போர்த்துக்கீசியர் 1619இல் பிடித்தார்கள். ஊருக்கு ஊர் மாதா கோயில் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை விரட்டிவிட்டு அந்தக் கோயில்களைத் தங்களுடைய மதத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கோயிலோடு ஒட்டி ஒரு பள்ளிக்கூடமும் வைப்பது அவர்கள் வழக்கம். பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியார் 1672இல் அச்சிட்ட தமது புத்தகத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில்களையும் பள்ளிகளையும் ஊர் ஊராக விவரித்திருக்கிறார். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஒல்லாந்தர் போன பிறகு அந்தக் கோயில்களைக் கவனிப்பார் இல்லை. கூரை விழுந்தது, சுவர் நின்றது.

சுவர் ஏன் நின்றது தெரியுமா? யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. கிணறு தோண்டினாலும் கல், வயல் உழுதாலும் கல். அந்தக் கல்லையும் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லையும் அடுக்கி, சிப்பியும் முருகைக்கல்லும் சுட்டெடுத்த சுண்ணாம்பைச் சாந்தாகக் குழைத்துப் பூசுவார்கள். சாந்து இறுக வேண்டும் என்று பனங்கட்டியோ வெல்லமோ கரைத்த தண்ணீர் ஊற்றி அரைப்பது அந்தக் காலத்துக் கொத்தனார்களின் வழக்கம். இந்தச் சாந்து சிமெண்டு மாதிரி ஒரு ராத்திரியில் காய்ந்துவிடாது. வருஷக் கணக்காகக் காற்றைக் குடித்துக் குடித்துத் திரும்பவும் கல்லாகவே ஆகிவிடும். அதனால்தான் கூரை போய் மழையிலும் வெயிலிலும் கிடந்தும் வட்டுக்கோட்டைக் கோயிலின் பருத்த சுவர்களும் தூண்களும் அசையவில்லை.

1816இல் அமெரிக்காவிலிருந்து ஒரு மிஷன் கூட்டம் இலங்கையில் வந்திறங்கியது. டானியல் பூர், மெக்ஸ், ரிச்சர்ட்ஸ், வாரன் என்று அதில் சிலர். இங்கிலீஷ்காரர் ஆண்ட நாட்டில் அமெரிக்கக்காரருக்கு நல்ல இடமா கிடைக்கும்? கூரை இல்லாத பழைய கோயில்களைக் காட்டி, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பூரும் வாரனும் தெல்லிப்பழைக்குப் போனார்கள். மெக்ஸும் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டைக்குப் போனார்கள். முதலில் செய்த வேலை கூரை போட்டது. அதற்கு மரம் தேடி அலைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பனைக்குப் பஞ்சம் ஏது? வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையைப் பிளந்து சட்டமும் கைமரமும் செதுக்கினால் அது கருங்காலி போல நிற்கும். வளைகிற சாதி அல்ல. ஒல்லாந்தர் சுவர், தமிழ்நிலத்துப் பனை, அமெரிக்கப் பணம், மூன்றும் சேர்ந்து எழுந்தது அந்தப் பள்ளி வளாகம்.

1823 ஜூலையில் வட்டுக்கோட்டைச் செமினரி திறந்தது. டானியல் பூர் தலைவரானார். அவர்கள் உள்ளபடியே வைக்க விரும்பிய பெயர் 'காலேஜ்'. அந்த வருஷமே காலேஜ் திட்டம் ஒன்றை அச்சடித்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிப் பணமும் கேட்டார்கள். ஆனால் ஆங்கில அரசாங்கம் அமெரிக்கர்களுக்கு அந்தப் பட்டயத்தைக் கொடுக்கவில்லை. அதோடு விடவில்லை. கவர்னர் பார்ன்ஸ் காலத்தில் புதிதாக அமெரிக்க மிஷனரி ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டார்கள். அச்சுக்கூடம் நடத்த வந்த காரெட் என்பவர் 1820இல் வந்த கையோடு திருப்பி அனுப்பப்பட்டார். தடை நீங்கியது 1833இல்தான். அதனால் பெயர் செமினரி என்றே நின்றுவிட்டது. பெயர் சின்னது, படிப்புப் பெரிது. இப்படி நம்ம நாட்டிலும் சில பள்ளிகள் உண்டு.

அங்கே இருந்த கட்டடங்களில் பேர் பெற்றது ஓட்லி மண்டபம். இலங்கைப் பிரதம நீதிபதியாக இருந்த சர் ரிச்சர்ட் ஓட்லி பணம் கொடுத்து உதவியதால் அவர் பெயர். பிள்ளைகள் தங்குவதற்கு அறைகள், வகுப்புக்கு அறைகள், நூலகம், வானசாஸ்திரத்துக்குத் தொலைநோக்கி எல்லாம் இருந்தன. படிப்பவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள்.

இன்னொரு கட்டடத்தையும் சொல்லத்தான் வேண்டும். அது சமையற்கட்டு. கிறிஸ்தவ வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொடமாட்டோம் என்று சாதிக்காரப் பிள்ளைகள் ஆரம்பத்தில் பிடிவாதம் பிடித்தார்கள். அதனால் பக்கத்திலே ஒரு சைவக்காரர் நிலத்தில் சமையற்கட்டை வைத்துக்கொடுத்ததாக மிஷன் வரலாறு சொல்கிறது. யூக்ளிட்டும் அல்ஜீப்ராவும் வளவுக்கு உள்ளே, சோறு வளவுக்கு வெளியே! கட்டடத்தைப் பார்த்தாலே அந்தச் சமூகம் எப்படி இருந்தது என்று விளங்கிவிடும். செமினரியில் படித்தவர்கள் பெரும்பாலும் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். தாழ்த்தப்பட்டவர் வீட்டுப் பிள்ளை அந்த வாசல்படி ஏறுவது லேசான காரியமாக இருக்கவில்லை. நான் மேலே பள்ளிக்கூடம்தான் காரணம் என்றேன் அல்லவா? அந்தப் பள்ளிக்கூடமும் எல்லார் வீட்டுக்கும் திறந்த கதவு அல்ல. சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வட ஆர்க்காட்டிலும் நிலமில்லாமல் கூலிக்கு நின்று, அங்கிருந்து கப்பலேறிய நம்ம முன்னோர்களுக்கு இப்படி ஒரு கட்டடம் ஊர்ப் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் உள்ளே விட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி.

நிற்க.

உள்ளே என்ன படித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். இங்கிலீஷ் படித்தார்கள். இங்கிலீஷில் கணிதம், வானசாஸ்திரம், தத்துவம், சரித்திரம் படித்தார்கள். கூடவே தமிழ் படித்தார்கள். தமிழ் என்றால் நம்ம ஆறாம் வகுப்புத் தமிழ் இல்லை. நன்னூலும் குறளும் படித்தார்கள். விரும்பியவர்கள் சமஸ்கிருதமும் படித்தார்கள். அந்தப் பிள்ளைகள் செமினரிக்கு வருவதற்கு முன்னே கிராமத்துத் தமிழ்ப் பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் பழகி வந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. அடித்தளம் தமிழ். மேல்மாடி இரண்டு மொழியிலும் எழுந்தது.

மாணவர்களுக்காக ஒரு சம்பவம். 1829 மார்ச் மாதம் ஒரு சந்திர கிரகணம் வந்தது. வட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் அராலி. அங்கே பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணிக்கிற சாஸ்திரியார் குடும்பம் இருந்தது. கிரகணம் எப்போது பிடிக்கும், எவ்வளவு மறைக்கும், எப்போது விடும் என்று அவர்கள் பஞ்சாங்கத்தில் எழுதியிருந்தார்கள். பூர் தன் முறைப்படி கணக்குப் போட்டுப் பார்த்து, இது சரியில்லை என்று முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். ஊரே திரண்டது. அன்று ராத்திரி சந்திரன் பூர் பக்கம் சாட்சி சொன்னது. செமினரிப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சாஸ்திரியார் தவறியது நாள் கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில். தொலைநோக்கி இல்லாமல், புத்தகமும் இல்லாமல், பாட்டன் சொல்லிக் கொடுத்த சூத்திரத்தை மனசில் வைத்துக்கொண்டு அந்த அளவுக்குக் கிட்டே வந்த மனிதரை நான் கேலி செய்யமாட்டேன். பூருக்கு அடுத்துத் தலைவராக வந்த ஹொய்சிங்டனும் கேலி செய்யவில்லை. அவர் தமிழ்ச் சோதிட நூலைப் படித்து, இங்கிலீஷில் மொழிபெயர்த்து 1848இல் அச்சில் கொண்டுவந்தார். இரண்டு மொழி என்றால் ஒருவழிப் பாதை இல்லை. போகவும் வரவும் பாதை.

1841 ஜனவரியில் 'உதயதாரகை' என்ற பத்திரிகை வந்தது. தமிழும் இங்கிலீஷும் ஒரே பத்திரிகையில். ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இருவர். பெயரைக் கேட்டு வெள்ளைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள், இருவரும் தமிழர்கள், செமினரியில் படித்தவர்கள். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டால் அவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். அதனால் யாழ்ப்பாணத்துச் சதாசிவம்பிள்ளை என்பவர் ஆர்னல்ட் ஆனார். ஆனாலும் என்ன? அந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளைதான் பின்னாளில், 1886இல், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'பாவலர் சரித்திர தீபகம்' என்று எழுதிவைத்தார். பெயரை மாற்றினார்கள், நாக்கை மாற்ற முடியவில்லை.

1845இலிருந்து 1850 வரை இலங்கை அரசாங்கத்தின் காரியதரிசியாக இருந்த எமர்சன் டென்னன்ட் இந்தப் பள்ளியைப் பார்த்துவிட்டு, இங்கே கற்றுக்கொடுக்கும் அறிவின் அளவு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு ஒப்பானது என்ற கருத்தில் எழுதினார். ஆங்கில அதிகாரி ஒருவர் அமெரிக்கப் பள்ளியை அப்படிப் பாராட்டியது சாதாரணம் இல்லை.

பிறகு ஏன் மூடினார்கள்?

1855இல் அமெரிக்க மிஷன் சபையின் காரியதரிசி ரூஃபஸ் ஆண்டர்சன் பாஸ்டனிலிருந்து நேரில் வந்தார். அவர் கணக்குப் பார்த்தார். இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் பாதிரியாராகிக் கிராமத்துக்குப் போகவில்லை. சம்பளம் நல்லதாகக் கிடைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். மதம் மாறியவர்களும் நினைத்த அளவுக்கு இல்லை. ஜனங்களுக்குத் தாய்மொழியில் சொன்னால் போதும், இங்கிலீஷ் வேண்டாம் என்பது அவர் முடிவு. செமினரி அந்த ஆண்டே மூடப்பட்டது. அதைக் கட்டி எழுப்பிய டானியல் பூர் அதே 1855 பிப்ரவரியில் மானிப்பாயில் காலரா கண்டு இறந்துபோனார்.

ஆண்டர்சன் சொன்னது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. தாய்மொழியில் படிப்பது நல்லதுதான். அதைத் தமிழ்ப் பள்ளி மலரில் நான் எழுதித்தானா தெரியவேண்டும்? தப்பு எங்கே என்றால், தமிழை வாழவைப்பதாகச் சொல்லி இங்கிலீஷைப் பறித்ததில். பிள்ளைக்கு எது வேண்டும் என்று பெற்றவர்களைக் கேட்காமல் பாஸ்டனில் உட்கார்ந்து முடிவு செய்ததில். படிப்பை, மதத்துக்கு ஆள் சேர்க்கும் கருவியாக மட்டும் அளந்தால் கணக்கு அப்படித்தான் வரும்.

மூடிய இரண்டே வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி முதன்முதலாக பி.ஏ. பரீட்சை வைத்தது. தேறியவர் இருவர். சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் பிள்ளைகள்! சென்னைப் பட்டணத்திலேயே படித்தவர்களுக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பள்ளி முந்திக்கொண்டது. தாமோதரம்பிள்ளை உத்தியோகம் பார்த்து நீதிபதியாகவும் உயர்ந்தார். ஆனால் தமிழர்கள் அவரை நினைப்பது உத்தியோகத்துக்காக அல்ல. செல்லரித்துக் கிடந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பிடித்து, வீரசோழியம், கலித்தொகை என்று ஒவ்வொன்றாக அச்சேற்றினாரே, அதற்காக. விசுவநாதபிள்ளையோ 1855இலேயே அல்ஜீப்ராவைத் தமிழில் 'வீசகணிதம்' என்று எழுதிவிட்டார். இங்கிலீஷ் படித்தால் தமிழ் மறந்துபோகும் என்பவர்களுக்கும், தமிழில் கணக்கு வருமா என்பவர்களுக்கும் இந்த இரண்டு பேரைக் காட்டலாம்.

மானிப்பாயில் இருந்த டாக்டர் கிரீன் என்ற அமெரிக்கரையும் விட்டுவிடக்கூடாது. 1847இல் வந்தவர். முதலில் இங்கிலீஷில்தான் வைத்தியம் கற்றுக்கொடுத்தார். படித்தவர்கள் பட்டணத்துக்கும் அரசாங்க வேலைக்கும் போய்விட்டார்கள். கிராமத்தில் நோயாளி அப்படியே கிடந்தான். 1864 முதல் தமிழிலேயே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அதற்குப் புத்தகம் வேண்டுமே? 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்று மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். ஒரே மிஷன். ஆண்டர்சன் இங்கிலீஷை நிறுத்தியது ஒரு விதம், கிரீன் தமிழுக்கு மாறியது வேறு விதம். ஒருவர் இருந்ததை எடுத்தார். இன்னொருவர் இல்லாததை உண்டாக்கினார்.

சைவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். 1872இல் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க ஒரு சைவப் பள்ளியும் வைத்துப் பார்த்தார். சில வருஷத்தில் பணமில்லாமல் நின்றது. ஆனாலும் பாதை விழுந்துவிட்டது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது. வட்டுக்கோட்டையிலும் பழைய மாணவர்கள் ஓயவில்லை. ஆங்கில உயர்பள்ளி வைத்தார்கள், மிஷனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முடிவில் 1872இல் செமினரி இருந்த அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு எழுந்த பள்ளிகளில் படித்தவர்கள்தான், நான் முதலில் சொன்னேனே, ரயிலுக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் மலாயா வந்தவர்கள்.

இங்கே நம்ம கதை வேறு. மலாய் மாநிலங்களில் 1912இலும் பிறகு 1923இலும் தொழிலாளர் சட்டம் வந்தது. தோட்டத்தில் பள்ளி வயசுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் துரை பள்ளிக்கூடம் வைக்கவேண்டும். சட்டம் சொன்னது பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. என்ன மாதிரிப் பள்ளி என்று அழுத்திச் சொல்லவில்லை. லயத்துக் கோடியில் ஒரு அறை, அல்லது அத்தாப்புக் கூரையும் பாதிச் சுவருமாக ஒரு கொட்டகை. எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில். வாத்தியார் கிடைக்காவிட்டால் கிராணியோ கங்காணியோ கோயில் பூசாரியோ நாலு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். கிராணி வீட்டுப் பிள்ளை சிரம்பானுக்கு இங்கிலீஷ் பள்ளிக்குப் போகும். பால்வெட்டுக்காரர் பிள்ளை இந்தக் கொட்டகையில் படித்துவிட்டு நிரைக்குப் போகும். வட்டுக்கோட்டைச் சுவரின் பருமனையும் நம்ம கொட்டகைப் பலகையின் பருமனையும் அளந்து பார்த்தாலே போதும், யார் யாரிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்று தெரிந்துவிடும். கொட்டகையிலிருந்து இன்று நம்ம பள்ளிகள் எழுந்து நிற்பது துரைமார் தயவால் அல்ல. நிதி திரட்டியவர்கள் யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

2003இல் கணிதமும் அறிவியலும் இங்கிலீஷில் என்றார்கள். பிறகு அது நின்றது. 2016இல் இருமொழித் திட்டம் என்று இன்னொன்று வந்தது. தமிழ்ப் பள்ளிகளில் அதை ஏற்கலாமா கூடாதா என்று நம்ம ஆட்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். சில இடங்களில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. என் கருத்தைக் கேட்டால், வட்டுக்கோட்டையில் நடந்ததில் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். இங்கிலீஷை ஆழமாகப் படித்தார்கள், அது ஒன்று. தமிழில் ஒரு படிகூட இறங்காமல் படித்தார்கள், அது மற்றது. ஒரு பாடத்தைத் தமிழிலிருந்து பிடுங்கி இங்கிலீஷில் நட்டுவிட்டால் அது இருமொழி ஆகிவிடாது. இரண்டு மொழியும் தனித்தனியே நன்றாகத் தெரிந்த வாத்தியார் வேண்டும், நூலகம் வேண்டும், நேரம் வேண்டும். செமினரிக்கு அது எல்லாம் இருந்தது. அதனால்தான் வீசகணிதம் வந்தது.

சிலோன் பக்கம் யாத்திரை போகிறவர்கள் நல்லூர்க் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து காரைநகர் போகும் ரோட்டில் வட்டுக்கோட்டை, அரைமணி நேரப் பயணம்தான். பழைய கோயில் 1947க்குப் பின் தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயமாகிவிட்டது. பக்கத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி. ஓட்லி மண்டபம் எது என்று கேட்டால் அங்கே படிக்கிற பிள்ளைகளே காட்டுவார்கள். கோயிலுக்குள் போனால் தூணைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள், ஒருவர் கைக்கு எட்டாது. அப்படியே தலையைத் தூக்கிக் கூரையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.